பாரிஸில் ‘துவான்’: பெட்டி கட்டுவதிலிருந்து வெளிக்கதவு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையத்துக்கு வரும் நம்மவர்களின் கவலையெல்லாம் பாஸ்போர்ட் பார்க்கும் கண்ணாடிக் கூண்டைப் பற்றியதுதான். என்ன கேட்பார்கள், விசா செல்லுமா என்று வழியெல்லாம் யோசிக்கிறார்கள். முத்திரை விழுந்து பெட்டியும் கைக்கு வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று மூச்சுவிடுகிறார்கள். ஆனால் வெளிக்கதவுக்குச் சற்று முன்னால் ‘துவான்’ என்ற பலகை இருக்கிறது. அம்மா கட்டிக் கொடுத்த நெய்யும், தங்கைக்கு வாங்கிய நகையும், கல்யாணச் செலவுக்கென்று கொண்டுவந்த பணமும் சிக்கலில் மாட்டுவது அங்கேதான்.

துவான் என்பது பிரான்சின் சுங்கத்துறை. டச்சுக்காரர்களும் இதே சொல்லை எடுத்துக்கொண்டதால் ஆம்ஸ்டர்டாமிலும் இதே பலகையைப் பார்க்கலாம். பாஸ்போர்ட் பார்ப்பவர்கள் எல்லைப் போலீசார். அவர்களுக்கு முக்கியம் ஆள். துவான் அதிகாரிகளுக்கு முக்கியம் பொருளும் பணமும். முன்னவர் விட்டுவிட்டார் என்பதால் பின்னவர் விட்டுவிட வேண்டும் என்பதில்லை.

ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பெட்டி எடுக்கும் கூடத்திலிருந்து வெளியேற இரண்டு வழிகள் உண்டு. சிவப்பு வழியில் ‘ஒப்ஜே ஆ தெக்லாரே’ என்றிருக்கும்: அறிவிக்க வேண்டிய பொருள் உள்ளவர்களுக்கானது. பச்சை வழியில் ‘ரியேன் ஆ தெக்லாரே’ என்றிருக்கும்: அறிவிக்க ஒன்றுமில்லை. பச்சை வழியில் கால் வைத்தாலே, ‘என்னிடம் அறிவிக்க எதுவும் இல்லை’ என்று நீங்கள் வாய்திறந்து சொன்னதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு பெட்டியைத் திறந்து ஒன்றைக் கண்டுபிடித்தால், ‘எனக்குத் தெரியாது’ என்ற பதிலுக்கு மதிப்பு மிகக் குறைவு. அதனால்தான் இந்த வழிகாட்டியை வீட்டில் பெட்டி கட்டும் இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

1. உங்களுக்கு எந்த வரம்பு பொருந்தும் என்று பாருங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து விமானத்திலோ கப்பலிலோ வருபவர், வரி இல்லாமல் 430 யூரோ மதிப்புள்ள பொருள்களைக் கொண்டுவரலாம். ரயில், பஸ், கார் என்றால் 300 யூரோ. 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, எப்படி வந்தாலும் 150 யூரோ. நீங்கள் உடுத்தும் துணி, பழைய செருப்பு, பயன்படுத்தும் போன் இந்தக் கணக்கில் வராது. புதிதாக வாங்கியவையும் பரிசாகக் கொடுக்கப்போகிறவையும் வரும். துபாயிலோ தோஹாவிலோ விமானம் மாறும்போது வரியில்லாக் கடையில் வாங்கியதும் இதில் சேரும். ‘டியூட்டி ஃப்ரீ’யில்தானே வாங்கினேன் என்ற வாதம் பாரிஸில் எடுபடாது.

லண்டன் தமிழர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் துவானுக்கு வெளிநாடு. யூரோஸ்டார் ரயிலில் வருபவருக்கு 300 யூரோ வரம்புதான். கீழே சொல்லப்போகும் பால், இறைச்சித் தடையும் அப்படியே பொருந்தும். அந்த ஜனவரியில் பிரிட்டனிலிருந்து வந்த லாரி ஓட்டுநர்களின் சாண்ட்விச்சை டச்சு துவான் அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்ட காட்சியை உலகமே பார்த்தது. உள்ளே இருந்த இறைச்சித் துண்டுதான் காரணம்.

மதுவும் புகையிலையும் தனிக்கணக்கு: 200 சிகரெட், ஆல்கஹால் 22 சதவீதத்துக்கு மேற்பட்ட மது 1 லிட்டர், அல்லது அதைவிடக் குறைந்த சதவீதமுள்ள மது 2 லிட்டர், அதோடு 4 லிட்டர் ஒயின், 16 லிட்டர் பீர். 17 வயது நிரம்பாதவருக்கு இவற்றில் எதுவுமே இல்லை.

2. சாப்பாட்டுப் பொருள்களைப் பிரித்து வையுங்கள்

நம் பெட்டிகளில் பாதி எடை சாப்பாடுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். பொருள்களின் மதிப்புக்கு வரம்பு உண்டு. உணவில் பலவற்றுக்கு வரம்பே இல்லை, முழுத் தடை. ஒரு கரண்டி நெய்யானாலும் நெய்தான்.

இறைச்சியும் பாலும் அவற்றிலிருந்து செய்தவையும் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தனிப்பயணிகள் கொண்டுவரக் கூடாது. உப்புக்கண்டம், கோழி ஊறுகாய், நெய், பன்னீர், தயிர், பால்கோவா எல்லாம் இதில் அடங்கும். கோமாரி போன்ற கால்நடை நோய்கள் நுழைந்துவிடும் என்ற அச்சமே காரணம். 2001-இல் பிரிட்டனில் கோமாரி பரவியபோது லட்சக்கணக்கான கால்நடைகளைக் கொன்று எரிக்க வேண்டியிருந்தது. ஐரோப்பியப் பண்ணைக்காரர்கள் அதை மறக்கவில்லை. பிஸ்கட், கேக், சாக்லேட், மிட்டாய் போன்றவற்றுக்கு, இறைச்சி கலக்காதவரை, விலக்கு உண்டு. ஆனால் பால்கோவாவை மிட்டாய் என்று வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கைக்குழந்தைக்கான பால்மாவு 2 கிலோ வரை அனுமதி; பிரிக்காத கம்பெனிப் பாக்கெட்டாகவும், திறக்கும்வரை குளிர்பெட்டி தேவைப்படாததாகவும் இருக்க வேண்டும்.

மீன் விஷயத்தில் நமக்கு நல்ல செய்தி. குடல் நீக்கிய மீன், உலர்த்திய மீன் எல்லாம் சேர்த்து ஒருவர் 20 கிலோ வரை கொண்டுவரலாம். நெத்திலிக் கருவாடும் மாசியும் இதில் வந்துவிடும். கருவாட்டைப் பார்த்ததும் பறித்துவிடுவார்கள் என்று பயந்து விட்டுவிட்டு வருபவர்கள் நிறையப் பேர். அந்தப் பயம் தேவையில்லை. வாசம் வெளியே வராமல் இறுக்கிக் கட்டினால் போதும். தேனுக்கு 2 கிலோ வரம்பு.

அடுத்தது பச்சைத் தாவரங்கள். 2019 டிசம்பர் 14 முதல், எந்தப் புதிய காய், பழம், இலை, பூ, விதை வந்தாலும் ஏற்றுமதி நாட்டின் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்தே பழங்களுக்கு: வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான். சட்டத்தை அப்படியே படித்தால், வாழைப்பழம் வரலாம், வாழையிலை வரக் கூடாது. மாம்பழம், முருங்கைக்காய், வெற்றிலை, மல்லிகைச் சரம், எதுவும் சான்றிதழ் இல்லாமல் வர முடியாது. பால்கனியில் போடலாம் என்று கொண்டுவரும் கத்தரி விதைப் பொட்டலமும் அப்படியே.

கறிவேப்பிலைக்கு என்ன வந்தது என்று கோபப்படுபவர்களுக்காக ஒரு விளக்கம். கறிவேப்பிலை, எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைப் படிப்படியாகச் சாகடிக்கும் ஒரு நோயைச் சுமந்து செல்லும் ஆசியப் பூச்சிக்கு அது விருப்பமான உணவு. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஆரஞ்சுத் தோட்டங்களை நம்பி வாழும் ஊர்கள் ஏராளம். இத்தாலியின் புலியா பகுதியில் 2013-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பாக்டீரியா நோய், நூற்றாண்டு கடந்த ஒலிவ மரங்களைத் தோப்புத் தோப்பாகப் பட்டுப்போகச் செய்துவிட்டது. ஒரு கொத்து இலையில் ஒட்டியிருக்கும் பூச்சி முட்டையை யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழங்களையே தடுத்து நிறுத்தியது பழ ஈக்களுக்காகத்தான். ஏற்றுமதிச் சோதனையை இந்தியா சீர்செய்த பிறகே தடை நீங்கியது. விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்த நமக்கு இது புரியாத விஷயமல்ல. கறிவேப்பிலை வேண்டுமென்றால் பொடியாகக் கொண்டுவாருங்கள்; பச்சை இலை பாரிஸின் தமிழ்க் கடைவீதியான லாச்சப்பலில் கிடைக்கும்.

மிளகாய்த்தூள், சாம்பார்ப்பொடி, பருப்பு, அரிசி, புளி, அப்பளம், முறுக்கு, காய்கறி ஊறுகாய் இவற்றால் பிரச்சினை வராது. ஆனால் எதையும் பெயர் எழுதாமல் கட்டாதீர்கள். வீட்டில் அரைத்த பொடியென்றால் பாக்கெட்டின் மேல் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ பெரிதாக எழுதி ஒட்டுங்கள். திருநீற்றைக் கோவில் பெயர் அச்சிட்ட பாக்கெட்டிலேயே வையுங்கள். பெயரில்லாத வெள்ளைப் பொடி எந்த நாட்டுச் சுங்கத்திலும் கேள்வியை எழுப்பும்.

3. நகை, பட்டுப்புடவை: வீட்டிலேயே கணக்குப் போடுங்கள்

சுற்றிப் பார்க்க வருபவர் தான் அணிந்திருக்கும் நகையைத் திரும்பக் கொண்டுபோவார் என்பதால் அதற்கு வரி இல்லை. மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகும் நகை என்றால் அது இறக்குமதி. பிரான்சிலேயே வாழ்பவர்களுக்கோ கேள்வி வேறு: ‘இது ஏற்கெனவே உங்களுடையதா, இப்போது வாங்கியதா?’ இதற்குப் பதில் காகிதத்தில் இருக்க வேண்டும். ஊருக்குப் புறப்படும் முன், விலையுயர்ந்த நகை, கேமரா போன்றவற்றைத் துவான் அலுவலகத்தில் காட்டி, ‘கார்த் து லிப்ர் சிர்க்குலாசியோன்’ என்ற அட்டையைப் பெற்றுக்கொள்ளலாம். பிரான்சில் வாங்கிய ரசீதும் உதவும். கல்யாணத்துக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள் இதைச் செய்யாமல் விடுவது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. சில மணி நேர வேலை, பல ஆண்டு நிம்மதி.

இனிக் கணக்கு. 430 யூரோ என்பது தலைக்கு. குடும்பத்தில் நான்கு பேர் என்பதற்காக நான்கையும் கூட்டி ஒரே பொருளுக்குக் காட்ட முடியாது. ஒரு பொருளின் விலையைப் பிய்த்துப் பாதிக்கு விலக்கு, பாதிக்கு வரி என்றும் கேட்க முடியாது. 600 யூரோவுக்கு ஒரு பட்டுப்புடவை கொண்டுவந்தால் 600-க்கும் வரி. கொண்டுவருவதன் மொத்த மதிப்பு 700 யூரோவுக்கு உட்பட்டிருந்தால், எந்தப் பொருளென்று ஆராயாமல் 2.5 சதவீதம் என்ற ஒரே சுங்க வீதத்தைப் போடுவார்கள்: 15 யூரோ. அதைச் சேர்த்த 615-க்கு 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி 123 யூரோ. ஆக 138 யூரோ. இதுவே தலா 250 யூரோ விலையில் இரண்டு புடவைகள் என்றால் முதலாவது வரம்புக்குள் அடங்கிவிடும். இரண்டாவதற்கு மட்டும் 57.50 யூரோ. மொத்தம் 700-ஐத் தாண்டினால் பொருளுக்குப் பொருள் சுங்க வீதம் மாறும்.

ரசீது இல்லாவிட்டால் அதிகாரி தானே மதிப்புப் போடுவார். நகைக்கடை ரசீதைக் கைப்பையிலேயே வையுங்கள். விலையைக் குறைத்து எழுதிய ரசீதை வாங்கி வரும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். வரி என்பது கட்டித் தீர்க்கும் ஒன்று. பொய் ரசீது குற்றம்.

ஊருக்குள் வரும் பொருளுக்கு வாசலில் வரி வாங்குவது பாரிஸுக்குப் பழக்கமான கதை. லாச்சப்பல் கடைவீதிக்கு அருகே ஓடும் இரண்டாம் எண் மெட்ரோ, பழைய சுங்க மதில் இருந்த தடத்திலேயே செல்கிறது. மன்னருக்காக வரி வசூலித்த குத்தகைதாரர்கள் 1780-களில் நகரைச் சுற்றி எழுப்பிய மதில் அது. மக்கள் அதை எவ்வளவு வெறுத்தார்கள் என்றால், 1789 ஜூலையில் பஸ்தீய் சிறை விழுவதற்கு முன்பே அதன் வாயில்களுக்குத் தீ வைத்தார்கள். ஆக்ஸிஜனுக்குப் பெயர் சூட்டிய அறிவியலாளர் லவாசியே அந்தக் குத்தகைதாரர்களில் ஒருவர். 1794 மே 8 அன்று அதற்காகவே தலையை இழந்தார். லாச்சப்பலுக்கு அடுத்த நிலையமான ஸ்டாலின்கிராத்தில் இறங்கினால், லதூ என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த வட்டமான சுங்கச்சாவடிக் கட்டடம் இன்றும் நிற்கிறது. மளிகை வாங்கப் போகிறவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

4. பணமும் பவுன் காசும்

10,000 யூரோ அல்லது அதற்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் அறிவித்தே ஆக வேண்டும். உள்ளே வரும்போதும், வெளியே போகும்போதும். ரூபாய், டாலர், பவுண்டு எல்லாம் சேர்த்து யூரோவில் கணக்கிடுவார்கள். அறிவிப்பதற்குக் கட்டணம் இல்லை, வரியும் இல்லை. பணம் எங்கிருந்து வந்தது, யாருக்குப் போகிறது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ‘தாலியா’ என்ற துவானின் இணையச் சேவையில் வீட்டிலிருந்தே நிரப்பிவிடலாம். வங்கியில் எடுத்த ரசீதைக் கூடவே வைத்திருங்கள். அறிவிக்காமல் பிடிபட்டால் அபராதம் தொகையில் 50 சதவீதம் வரை போகலாம். நேர்மையாகச் சம்பாதித்த பணத்தில் பாதியை ஒரு படிவம் நிரப்பாததால் இழப்பதைவிடக் கொடுமை வேறில்லை.

2021 ஜூன் 3 முதல் தங்கக் கட்டியும் தங்கக் காசும் ரொக்கமாகவே கருதப்படுகின்றன. காசில் 90 சதவீதத்துக்குக் குறையாமலும், கட்டியில் 99.5 சதவீதத்துக்குக் குறையாமலும் தங்கம் இருந்தால் இந்த விதி. நம் 22 காரட் பவுன் காசில் தங்கம் 91.6 சதவீதம், ஆகவே அது ரொக்கம். வளையலும் சங்கிலியும் ரொக்கம் அல்ல, மேலே சொன்ன பொருள் கணக்கில் வரும். சீட்டுப் பணமும் பவுன் காசும் சேர்த்துக் கொண்டுபோகிறவர்கள் இரண்டின் மதிப்பையும் கூட்டிப் பாருங்கள்.

5. மருந்து, போலிப் பொருள், பிறர் பொட்டலம்

சொந்த உபயோகத்துக்கான மருந்தை, சீட்டு இல்லாமல் மூன்று மாதச் சிகிச்சைக்கு ஆகும் அளவு கொண்டுவரலாம். அதற்கு மேலென்றால் மருத்துவர் சீட்டு வேண்டும். தூக்க மாத்திரை, வலுவான வலிநிவாரணி போன்ற கட்டுப்பாடு உள்ள மருந்துகளுக்கு எந்த அளவானாலும் சீட்டு அவசியம். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வராதீர்கள்.

பெரிய பெயர் ஒட்டிய போலிக் கைப்பை, கடிகாரம், செருப்பு எதையும் பிரான்சுக்குள் கொண்டுவராதீர்கள். இந்த நாட்டில் போலியை வைத்திருப்பதே குற்றம். பொருள் பறிபோவதோடு, அசல் பொருளின் விலையைப்போல ஒன்று முதல் இரண்டு மடங்கு அபராதம் விதிக்கலாம். நூறு ரூபாய்ப் பைக்கு ஆயிரக்கணக்கான யூரோ அபராதம் என்பது மிகைப்படுத்தல் அல்ல.

‘பக்கத்து வீட்டு அண்ணன் மகனுக்கு ஒரு சின்னப் பொட்டலம்’ என்று வருபவரிடம் மறுப்பது நம் பழக்கத்தில் கடினம்தான். ஆனாலும் உங்கள் பெட்டியில் இருப்பதற்கெல்லாம் நீங்களே பொறுப்பு. கண்ணெதிரே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் கொண்டுபோகாதீர்கள், உறவே ஆனாலும்.

6. இறங்கியபின்

பாஸ்போர்ட் வரிசையில், 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த புதிய முறைப்படி முகப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கைரேகை இல்லை. தங்கும் இடத்துக்கான சான்று, திரும்பும் டிக்கெட், காப்பீடு மூன்றும் கையில் இருக்கட்டும்.

பிராங்க்பர்ட் அல்லது ஆம்ஸ்டர்டாமில் விமானம் மாறி வருபவர்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. பாஸ்போர்ட் சோதனை அங்கேயே முடிந்துவிடும். கைப்பைக்கான சுங்கச் சோதனையும் அங்கேதான். விமானத்தின் வயிற்றில் ஏற்றிய பெட்டிக்கோ, நீங்கள் இறுதியாக இறங்கும் பாரிஸில்தான் சோதனை. உள்நாட்டுப் பயணிபோல வந்து இறங்கினோமே, இங்கே யார் கேட்பார்கள் என்று எண்ண வேண்டாம். ஒன்றியத்துக்குள் புறப்பட்ட பெட்டியில் பச்சை ஓரமுள்ள சீட்டு இருக்கும், உங்களுடையதில் இருக்காது. அதிகாரியின் கண் முதலில் போவது அந்தச் சீட்டின்மேல்தான்.

சந்தேகம் இருந்தால் சிவப்பு வழி. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. பொருளைக் காட்டி ‘இதை அறிவிக்க வேண்டுமா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டுப் போகலாம். வேண்டும் என்றால் வரியைக் கட்டிவிட்டுப் போகலாம். தடையுள்ள உணவென்றாலும் தானாக முன்வந்து ஒப்படைத்தவருக்குப் பொருள் மட்டுமே போகும். மறைத்தவருக்கு அபராதமும் சேரும்.

7. பெட்டியைத் திறக்கச் சொன்னால்

திறக்கச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. தடுப்பது தனிக் குற்றமாகிவிடும். எந்த இடத்தில், எந்த நிபந்தனையில் சோதிக்கலாம் என்பதை 2023 ஜூலை 18 சட்டம் வரையறுத்திருக்கிறது. பழைய விதி தனிமனித உரிமைகளைப் போதிய அளவு காக்கவில்லை என்று 2022-இல் அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் சொன்னதால் வந்த சட்டம் இது.

பூட்டைத் திறந்து கொடுத்துவிட்டு அருகிலேயே நில்லுங்கள். ‘பெட்டியைக் கட்டியது நீங்கள்தானா? யாராவது ஏதாவது கொடுத்தார்களா? எவ்வளவு பணம் வைத்திருக்கிறீர்கள்?’ இந்த மூன்று கேள்விகளையும் எதிர்பாருங்கள். மூன்றாவதற்குத் தோராயமாகச் சொல்லாதீர்கள். கணவரிடமும் மனைவியிடமும் தனித்தனியே கேட்டால் பதில் மாறக் கூடாது. மொழி புரியாவிட்டால் தலையாட்டாமல் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். நம் பெரியவர்கள் மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் ‘வுய்’ (ஆம்) என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு சொல் ஒப்புதலாகப் பதிவாகிவிடும். அவர்களை அழைத்துவரும் பிள்ளைகள் முன்கூட்டியே இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

தவறு சிறியதென்றால், வழக்கு இல்லாமல் ஒரு தொகை கட்டி முடித்துக்கொள்ளும் சமரசத்தைத் துவான் முன்வைக்கலாம். அது சட்டப்படியான ஏற்பாடு, லஞ்சம் அல்ல. எழுத்தில் இருக்கும், ரசீது தருவார்கள். கையெழுத்திட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டு விஷயத்தை முடித்துக்கொள்கிறீர்கள் என்று பொருள்; படித்துப் புரிந்தபின் போடுங்கள். பறிமுதலுக்கும் கட்டிய வரிக்கும் எழுத்துச் சான்று கேட்டு வாங்குங்கள். தடுத்துவைக்கும் அளவுக்குப் போனால் வழக்கறிஞரைக் கேட்கும் உரிமை உண்டு.

8. திரும்பிப் போகும்போது: கட்டிய வரியை வாங்கும் வழி

ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், 16 வயதுக்கு மேற்பட்டவர், பிரான்சில் தங்குவது ஆறு மாதத்துக்குக் குறைவு என்றால், கடையில் வாங்கிய பொருளுக்கான மதிப்புக் கூட்டு வரியைத் திரும்பக் கேட்கலாம். இதற்கு ‘தெதாக்ஸ்’ என்று பெயர். ஒரே கடையில், மூன்று நாட்களுக்குள், வரி உட்பட 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். பணம் கட்டும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டித் தெதாக்ஸ் படிவம் கேளுங்கள். பிறகு போய்க் கேட்டால் கொடுக்கமாட்டார்கள். இந்தச் சலுகையைத் தராத கடைகளும் உண்டு என்பதால் முதலில் விசாரித்துவிடுங்கள். வாங்கிய மாதத்தை அடுத்த மூன்றாவது மாத முடிவுக்குள் பொருளோடு வெளியேற வேண்டும்.

விமான நிலையத்தில் ‘பாப்லோ’ என்ற இயந்திரத்தில் படிவத்தின் கோட்டுக்குறியை (பார்கோடு) காட்டினால் வேலை முடிந்தது. பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். இயந்திரம் ஏற்காவிட்டால் பக்கத்திலிருக்கும் துவான் மேசைக்குப் போகச் சொல்லும். அங்கே பொருளைக் காட்டச் சொன்னால் பெட்டி உங்கள் கையில் இருக்க வேண்டும். விலையில் ஆறில் ஒரு பங்கு வரி என்றாலும் அது முழுவதும் திரும்பாது; இடையிலுள்ள நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ரொக்கமாகக் கேட்டால் கழிவு இன்னும் கூடலாம், அட்டைக்கே அனுப்பச் சொல்லுங்கள். கோடைவிடுமுறையில் அந்த வரிசை நீளமாக இருக்கும் என்பதால், புறப்படும் நேரத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள்.